பத்து எண்ணும் வரை

"மூணு நிமிஷம் பேசினாப் போதும் மதினி. அண்ணாச்சியப் பத்தி நாலு வார்த்தை. அதுக்கப்புறம் நாடகத்த ஆரம்பிச்சிருவோம்" என்று நாடக டைரக்டர் செல்லத்துரை காலையில் போனில் சொன்னதிலிருந்து வடிவுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. குளித்துவிட்டு வந்தவள் மறுபடியும் குளிக்கப் போனாள். கொத்தவரங்காயை நறுக்கி வைத்துவிட்டு வெண்டைக்காயைப் பொரித்தாள். இப்போது மணி மூன்றே கால். நாலு மணிக்கு வீடியோவில் கூட்டம். பாளையங்கோட்டை வெள்ளிக்கிழமை நாடகக் குழுவின் முப்பத்தோராம் ஆண்டு நாடகம். மேடை கிடையாது, திரை கிடையாது, அவரவர் வீட்டில் அவரவர் செல்போன் முன்னால் உட்கார்ந்து வசனம் பேசப் போகிறார்கள். அதற்கு முன்னால் வடிவு தன் புருஷன் ஆறுமுகநயினாரைப் பற்றிப் பேச வேண்டும். இருபத்தெட்டு வருஷம் அந்தக் குழுவின் கதாநாயகனாக இருந்து, மே மாதம் கொரோனாவில் போய்ச் சேர்ந்தவர். பேசுவதற்கென்ன, முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்து பிள்ளைகள் காதில் ஓதியவள்தானே. ஆனால் அவள் நெஞ்சில் மூன்று மாதமாக ஒன்று கிடக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. முக்கியமாக மகள் காந்திமதியிடம் சொன்னதில்லை. நயினார் கடைசியாகப் பேசியது வடிவோடுதான், அந்தப் போனில் வடிவு ஒரு தப்புச் செய்தாள். இன்றைக்கு அதைச் சொல்லிவிடலாமா, இல்லை எல்லாரும் எதிர்பார்க்கிறதைச் சொல்லிக் கும்பிடு போட்டுவிடலாமா. கண்ணாடி முன்னால் நின்று திருநீறு பூசியவள், பூசியதை மறந்து மறுபடியும் பூசிக்கொண்டாள்.

கட்டிலில் நாடக நோட்டு கிடந்தது. நீளவாக்கில் தைத்த பழைய நோட்டு, அட்டையில் 'மூன்றாம் நடைமேடை' என்று அவள் கையெழுத்தில் எழுதியிருந்தது. இந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திரைக்குப் பின்னால் நின்று, நடிக்கிறவர்களுக்கு வசனம் மறந்தால் அடியெடுத்துக் கொடுப்பதுதான் வடிவின் வேலை. பிராம்ப்டர் என்பார்கள். நோட்டீஸில் பெயர் கடைசி வரியில், அதுவும் இடம் இருந்தால். மாலை போடும்போது யாருக்கும் அவள் ஞாபகம் வராது, அவளுக்கும் அதில் வருத்தம் கிடையாது. முகத்தைக் காட்டாத வேலையில் ஒரு சுகம் இருக்கிறது. இன்றைக்குத்தான் வினை. "எம்மா, இந்தச் சேலை வீடியோல நல்லாருக்காது, கட்டம் கட்டமா ஆடும், வேற மாத்திக்கோ" என்று காந்திமதி ஹாலிலிருந்து சொன்னாள். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அப்பா போன மறுநாள் இ-பாஸ் வாங்கிக்கொண்டு வந்தவள், அப்படியே இங்கேயே இருந்து வேலை பார்க்கிறாள். வந்து மூன்று மாதமாகிறது. அவள் அழுது வடிவு பார்க்கவில்லை. பாங்கு, பென்ஷன், இறப்புச் சான்றிதழ் என்று எல்லாவற்றுக்கும் அலைந்தாள். ஒரு நாள்கூட உட்கார்ந்து அழவில்லை. அது வடிவுக்குப் பயமாக இருந்தது. இவளிடம் போய் எப்படிச் சொல்வது, உங்கப்பாவை நான் இப்படிச் செய்தேன் என்று.

சேலையை மாற்றினாள். நீலத்தில் ஒன்று, போன வருஷத்து நாடகத்துக்காக எடுத்தது. அந்த நாடகம் நடக்கவே இல்லை. நோட்டீஸ் அடித்து வந்து கட்டுக்கூடப் பிரிக்கவில்லை, மார்ச்சில் ஊரடங்கு வந்துவிட்டது. அப்புறம் ஊரில் எதுவும் நடக்கவில்லை. அம்மன் கோயில் கொடைத் திருவிழாக்கள் இல்லை, வில்லுப்பாட்டு இல்லை, நையாண்டி மேளம் இல்லை. மைக் செட்டு சேவியர் தெருவில் தள்ளுவண்டியில் தக்காளி விற்றுக்கொண்டு வந்தான். "தக்காளி தக்காளி" என்று கூவும்போதும் மைக் டெஸ்டிங் பண்ணுகிற குரல்தான் அவனுக்கு. அவன் போன பிறகு நயினார் வாசலில் நின்று சிரித்துவிட்டு, அப்புறம் வெகுநேரம் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். வருஷா வருஷம் நாடகம் போடும் பள்ளிக்கூட ஹாலில் தடுப்பூசி முகாம் போட்டார்கள். வடிவு போன மாதம் போய் ஊசி போட்டுக்கொண்டாள். நாற்காலி போட்டிருந்த இடம் மேடைக்கு இடது பக்கம், அவள் நோட்டோடு நிற்கிற இடம். நர்ஸ் பிள்ளை, "வலிக்குதாம்மா? ஊசி போட்டு முடிச்சாச்சே, எதுக்கு அழுதிய?" என்று கேட்டாள். வடிவு ஊசிக்குப் பயம் என்று சொல்லிவிட்டாள்.

அந்த இடத்தில் நின்றுதான் தொண்ணூற்று நாலில் அவள் முதல் தப்பைச் செய்தாள். இதே நாடகம். நயினார் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டைவிட்டு ஓடிப்போன மகன் திரும்பி வந்து, நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அப்பாவிடம், "என்னைத் தெரியலையாப்பா?" என்று கேட்பான். மகனாக ஐயாக்குட்டி. இப்போது பாங்கில் கேஷியர், அப்போது மீசைகூடச் சரியாக முளைக்காதவன். அப்பா பார்ப்பார். பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு "சாப்பிட்டியாடா?" என்பார். அவ்வளவுதான் வசனம். ஆனால் நயினார் அந்த ஒற்றை வசனத்துக்கு முன்னால் எடுத்துக்கொள்ளும் மௌனத்துக்குத்தான் ஊர் ஜனம் வந்தது. ஒத்திகையில் நாலு எண்ணும் நேரம் இருந்தது, மேடையில் ஏழாகி எட்டாகிவிட்டது. வடிவு நோட்டில் அந்த வரியின்மேல் விரலை வைத்தாள். மறந்துவிட்டாரென்று நினைத்துப் பக்கத்திரையிலிருந்து "சாப்பிட்டியாடா" என்றாள். கணக்கு டீச்சர் குரல், நாற்பத்தைந்து பிள்ளைகள் உள்ள வகுப்பை அடக்குகிற குரல், முதல் மூன்று வரிசைக்கும் கேட்டது. ஹாலே சிரித்தது. நயினார் வீட்டுக்கு வந்து மூன்று நாள் பேசவில்லை. தோசை வேண்டுமா என்று கேட்டால் சுவரைப் பார்த்துத் தலையாட்டுவார். நாலாம் நாள் அவரே அடுக்களைக்கு வந்து, "இங்க பாரு வடிவு, இனிமே நான் பேச்ச நிறுத்தினா பத்து எண்ணு. பத்துக்குப் பொறவு என் வலது கைச் சுண்டுவிரலப் பாரு. அது அசைஞ்சா எனக்கு வரி மறந்துட்டுன்னு அர்த்தம், உடனே குடு. அசையலைன்னா நான் நடிக்கேன்னு அர்த்தம். கூரையே இடிஞ்சு விழுந்தாலும் நீ வாயத் தொறக்கப்படாது. சரியா?" என்றார். சரி என்றாள். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷம் ஒரு தடவைகூடப் பிசகவில்லை. எண்ணுவாள், விரலைப் பார்ப்பாள். மூன்றோ நாலோ தடவைதான் அது அசைந்திருக்கும். அசைந்த மறு நொடி வரி போய்ச் சேர்ந்துவிடும், முன்வரிசைக்குக்கூடக் கேட்காமல், அவர் காதுக்கு மட்டும். மற்றபடி அந்த வீட்டில் அவர்கள் பெரிதாக ஒன்றும் பேசிக்கொண்டதில்லை. சாமான் சீட்டு, மகள் படிப்பு, மழை வருமா வராதா. அன்பாக நாலு வார்த்தை பேசத் தெரியாத மனுஷன்தான். ஆனால் மேடையில் நின்றுகொண்டு ஆயிரம் பேர் நடுவில் அவளை மட்டும் நம்பினாரே, அதற்கு மேல் என்ன வேண்டும் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

போனில் விரல் எங்கே தெரியப்போகிறது. இந்த இடத்துக்கு வந்ததும் அவள் மனது எப்போதும் நின்றுவிடும், மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். ஆஸ்பத்திரியில் சேர்த்து அது ஐந்தாம் நாள். உள்ளே விடமாட்டார்கள். போன் மட்டும்தான். வீடியோ போட்டால் சார்ஜ் இறங்குகிறது என்று பேச்சோடு நிறுத்திக்கொண்டார்கள். தினம் மத்தியானம் மூன்று மணிக்குக் கூப்பிடுவார். "சும்மா கெடந்தா பயமா இருக்கு வடிவு. நோட்ட எடு, ஒரு சீன் பாப்போம்" என்பார். "மாஸ்க்க கழத்தாதிய, நர்ஸம்மா ஏசப்போறாங்க" என்று அவள் சொல்லத்தான் செய்தாள். சொன்னாள், ஆனால் நோட்டையும் எடுத்தாள். அவர் குரல் கேட்டால் போதுமென்று இருந்தது. அன்றைக்கும் மகன் வசனத்தை அவள் வாசித்தாள், அப்பா வசனத்தை அவர் சொன்னார், ஒவ்வொரு வரிக்கும் நடுவில் இளைத்துக்கொண்டு. "என்னைத் தெரியலையாப்பா?" என்று அவள் வாசித்தாள். அவர் பேசவில்லை. அவள் எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு. அந்த வார்டின் சத்தமெல்லாம் கேட்டது. யாரோ இருமினார்கள், ஒரு மிஷின் விட்டு விட்டுக் கத்தியது, சக்கரம் வைத்த எதையோ தள்ளிக்கொண்டு போனார்கள். சிக்னல் போய்விட்டதென்று அவள் சாக்குச் சொல்ல முடியாது, சக்கரச் சத்தம் கேட்டதே. பத்து வந்தது. பதினைந்து வந்தது. வடிவுக்கு உடம்பு புல்லரித்தது. படுக்கையில் கிடந்துகொண்டு இந்த மனுஷன் இதுவரைக்கும் பிடிக்காத ஒரு மௌனத்தைப் பிடித்திருக்கிறாரே என்று பெருமையாக இருந்தது. ஆமாம், பெருமையாகத்தான் இருந்தது, அதை எங்கே போய்ச் சொல்ல. வாயைத் திறக்கக் கூடாது என்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். இருபத்தைந்து, முப்பது. முந்தின இரண்டு நாளும் அந்த இடத்தோடு களைத்துப்போய் நிறுத்திக்கொண்டவர்தான். அதனால் முப்பத்திரண்டில் அவள், "இன்னைக்கு ரொம்ப நல்லா வந்திருக்குங்க. போதும், தூங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய் ஊறப்போட்டிருந்த உளுந்தைக் களைந்தாள்.

ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். மறுநாள் சாயங்காலம், பத்தடி தள்ளி நிற்கச் சொல்லி, முழு உடுப்புப் போட்ட நாலு பேர் ஒரு பொட்டலத்தைக் காட்டினார்கள். டாக்டர் சின்ன வயசுப் பையன், கண்ணெல்லாம் தூக்கமில்லாமல் சிவந்து கிடந்தது. "மூணு மணி சுமாருக்கே ஆக்சிஜன் எறங்க ஆரம்பிச்சிருக்கும்மா. நாங்க நாலு மணிக்குப் பாத்தோம். முன்னாடியே தெரிஞ்சிருந்தாலும் பெருசா ஒண்ணும்..." என்றவர் முடிக்காமல் போய்விட்டார். பெருசா ஒண்ணும். என்ன ஒண்ணும்? ஒன்றும் செய்திருக்க முடியாது என்றா, ஏதோ சின்னதாகச் செய்திருக்கலாம் என்றா? வார்டு நம்பர் அவளிடம் இருந்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். "என்னங்க" என்று ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்து, பதில் இல்லையென்றதும் அந்த நம்பருக்குப் போட்டிருந்தால், மூன்று பத்துக்கே ஆள் வந்திருக்கும். அது கிடக்கட்டும், வந்தும் பிழைத்திருக்க மாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அவளை அறுப்பது அதுவல்ல. வாய் எழாமல் கிடந்த அந்த நேரத்தில் அவர் காதில் போன் இருந்தது. இத்தனை வருஷப் பழக்கத்தில், பேச்சு வராதபோது அவர் எந்தப் பக்கம் பார்த்திருப்பார்? பக்கத்திரைப் பக்கம்தான். வடிவு கொடுப்பாள் என்று இருந்திருப்பார். வரிகூட வேண்டாம், ஒரு சத்தம். நான் இங்கே இருக்கிறேன் என்று ஒரு சத்தம். அவளோ ரொம்ப நல்லா வந்திருக்கு என்று சபாஷ் போட்டுவிட்டு உளுந்து களையப் போய்விட்டாள். சுண்டுவிரல் அசைந்ததோ என்னவோ. அதைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

இதற்கு மேல் ஒரு கூத்து நடந்தது. துக்கம் கேட்க செல்லத்துரை போனில் கூப்பிட்டபோது, கடைசியாக என்ன பேசினார் என்று கேட்டார். வடிவு, "வசனம் சொல்லிக்கிட்டு இருந்தாவ" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். டைரக்டர் இல்லையா, செல்லத்துரை அதைப் பிடித்துக்கொண்டார். ஒரு வாரத்தில் ஊரெல்லாம் அது கதையாகிவிட்டது. வசனம் பேசியபடியே விடைபெற்ற கலைஞர் என்று குழுவின் வாட்ஸப்பில் குத்துவிளக்குப் படத்தோடு வந்தது. இன்றைய அழைப்பிதழிலும் அதே வரி, தடித்த எழுத்தில். பால்காரர்கூட, "கொடுத்து வச்ச மனுசம்மா, பிடிச்ச தொழில்லயே உசுர விட்டாரு" என்றார். உங்க மேல என்ன தப்பு, உங்களால என்ன செய்ய முடியும் என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள், ஒன்றும் தெரியாமல். அந்த ஆறுதல் ஒவ்வொன்றும் அவளுக்கு அடிதான்.

"எம்மா, மணியாச்சு, வா" என்று காந்திமதி கூப்பிட்டாள். ஹாலில் நாற்காலி போட்டு, எதிரே ஸ்டூலின் மேல் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் செல்போனைச் சாய்த்து வைத்திருந்தாள். வடிவு உட்கார்ந்தாள். பின்னால் சுவரில் மாலை போட்ட நயினார் படம். அது தெரியவேண்டும் என்று செல்லத்துரையின் உத்தரவு. சின்னத் திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். வெளிச்சம் முகத்தில் விழுகிற இடத்தில் வடிவு உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு பேசுவது பெரிய தண்டனையாக இருந்தது. ஐயாக்குட்டி ஒரு கட்டத்தில் நரை பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருபத்தாறு வருஷம் மகனாக நடித்தவன் இன்றைக்கு அப்பா வேஷம் கட்டியிருக்கிறான். பூசவே வேண்டாம், பாதி நரை சொந்த நரைதான். செல்லத்துரை பேசினார். நயினாரைப் பற்றிச் சொல்லும்போது ஒரே வரியை இரண்டு தடவை சொன்னார், அது நடிப்பில்லை. "நம்ம அண்ணாச்சிக்கு வாய்ச்ச சாவு எத்தனை பேருக்கு வாய்க்கும்? கடைசி மூச்சுலயும் வசனம். அத நேர்ல கேட்ட ஒரே ஆளு நம்ம மதினி. மதினி, அத நீங்களே உங்க வாயால சொல்லுங்க" என்றார்.

வடிவு கைகளைக் கூப்பினாள். வணக்கம் என்றாள். எழுதி வைத்திருந்த தாள் மடியில் இருந்தது, அதில் தபாலாபீஸ் கவுண்டரில் முத்திரை குத்திக்கொண்டே அவர் வசனம் மனப்பாடம் பண்ணியது, முதல் வேஷம், முதல் பரிசு என்று மூன்று நிமிஷத்துக்குத் தேவையானதெல்லாம் இருந்தது. தாளைப் பார்த்தாள். அப்புறம் கட்டங்களைப் பார்த்தாள். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். மகள் போனுக்குப் பின்னால் சுவரோரம் கைகட்டி நின்றாள். எப்படிச் சொல்ல வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "அவுக வசனம் பேசிக்கிட்டே போகலை" என்றாள். "பேச்சு நின்னு போச்சு. நான் எண்ணிக்கிட்டு இருந்தேன். முப்பத்திரண்டு வரைக்கும் எண்ணினேன். நடிக்காவன்னு நெனச்சேன். மூச்சுக்குத் திணறிக்கிட்டு கெடந்திருக்காவ, நான் அத ரசிச்சுக்கிட்டு இருந்தேன். ரொம்ப நல்லா வந்திருக்குன்னு சொல்லிட்டு வச்சிட்டேன். வார்டு நம்பர் என்கிட்டதான் இருந்துது. நான் யாரையும் கூப்பிடலை. உளுந்து களையப் போயிட்டேன். கொடுத்து வச்ச சாவெல்லாம் இல்ல. தனியாக் கெடந்து செத்தாவ. நான்தான் பக்கத்துல இருந்தேன், ஒண்ணும் சொல்லாம இருந்தேன்." அவ்வளவையும் சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். யாரும் அதிரவில்லை. யார் முகமும் மாறவில்லை. செல்லத்துரை மட்டும் முன்னால் குனிந்து திரையைத் தட்டுவது போலக் கையைக் காட்டினார். "மதினி, சத்தம் வரலை. மியூட்ல இருக்கிய போல. ஒண்ணுமே கேக்கலை. அந்த பட்டன அமுக்கிட்டு முதல்ல இருந்து சொல்லுங்க."

முதலிலிருந்து. வடிவு கையை நீட்டினாள். பட்டன் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் இன்னொரு தடவை சொல்ல அவளிடம் சீவன் இல்லை. அப்போதுதான் அவள் மகளைப் பார்த்தாள். ஊர் முழுக்கக் கேட்காமல் போனது, ஒரே ஒருத்திக்கு மட்டும் கேட்டிருக்கிறது. காந்திமதி சுவரை விட்டு நகர்ந்து வந்தாள். ஒரு விரலால் திரையைத் தொட்டாள். "சித்தப்பா, அம்மாவுக்கு முடியலை. நீங்க நாடகத்த ஆரம்பிங்க" என்றாள். குரல் பாங்கு ஆட்களிடம் பேசுகிற அதே குரல். "சரிம்மா, சரிம்மா. அழ வேண்டாம்னு சொல்லு" என்றார் செல்லத்துரை, பிறகு மற்றவர்களைப் பார்த்து, "பாவம், பேச முடியலை அவங்களால. நெனச்சுப் பாருங்க, கடைசி மூச்சு வரைக்கும் வசனம்" என்றார். கட்டங்களில் தலைகள் ஆடின. காந்திமதி மறுபடியும் திரையைத் தொட்டுச் சத்தத்தை அடைத்தாள்.

நாடகம் தொடங்கியது. ஐயாக்குட்டி விளக்குத் தூக்கிக்கொண்டு கற்பனை ரயிலுக்குப் பச்சை காட்டினான். மடியில் நோட்டு திறக்காமல் கிடந்தது. காந்திமதி நாற்காலிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள், அம்மாவைப் பார்க்காமல், போனைப் பார்த்துக்கொண்டு. உனக்கெப்படித் தெரியும்மா, நீ என்ன டாக்டரா, என்றுதான் சொல்லப்போகிறாள் என்று வடிவு நினைத்தாள். படித்த பிள்ளை, நியாயமாகப் பேசும், ஆறுதல் சொல்லும், அந்த ஆறுதலையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். முதல் காட்சி முடிந்தது. காந்திமதி சொன்னாள். "ஒரு தடவ கூப்பிட்டுப் பாத்திருக்கலாமேம்மா. என்னங்கன்னு ஒரே ஒரு தடவ." சொல்லி முடிக்குமுன்னே அவளுக்கு முகம் கோணிவிட்டது. வடிவின் முழங்காலில் தலையை முட்டிக்கொண்டு, மூன்று மாதம் கழித்து, அழத் தொடங்கினாள். வடிவு மகளின் முதுகில் கை வைத்தாள். வைக்கலாமா என்று யோசித்துத்தான் வைத்தாள். காந்திமதி அந்தக் கையைத் தட்டிவிடவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. நடந்ததைத் தெரிந்துகொண்டு கேட்ட ஒரே கேள்வி இதுதான், அதற்குப் பொய்யாக ஒரு பதில் சொல்ல வடிவால் முடியவில்லை.

"கூப்பிட்டிருக்கலாம்" என்றாள். "கூப்பிடலைட்டி."